வாசலில் நின்ற பாய்ப்படகு

குங்கிலியத்தை இடித்து எண்ணெயில் போட்டுக் காய்ச்சும்போது ஒரு வாசனை எழும்பும். முதலில் மூக்கில் குத்தி, அப்புறம் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், இரண்டு நாளைக்குத் தலைமயிரை விட்டுப் போகாது. கோயிலில் தூபம் போடுகிற வாசனைக்கு அது தூரத்து உறவு மாதிரி. அதனால்தான் இந்த வயதிலும் தூபக்கலசம் ஆடிக்கொண்டு பக்கத்தில் வரும்போது, கண் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் என் மனசு மட்டும் கடலோரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. அங்கே மூன்று கல்லை வைத்து மூட்டிய அடுப்பில் குங்கிலியச் சட்டி கொதிக்கிறது, பக்கத்தில் ஒரு படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது, என் நைனா சட்டையில்லாமல் அதன்மேல் குனிந்திருக்கிறார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்தும் பழக்கமில்லை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குப்பம் காசிமேட்டுக்கு வடக்கே, திருவொற்றியூர் போகிற வழியில் கடலை ஒட்டி இருந்தது. பெரும்பாலும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். கோயில் கூப்பிடு தூரத்தில், அதன் பின்கதவைத் திறந்தால் கடல். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணலில் அந்தப் படகு கவிழ்ந்து கிடந்தது. நைனாவின் அப்பா விட்டுப்போன பாய்ப்படகு. கட்டுமரம் இல்லை, பலகை வைத்து ஆணி அடித்துச் செய்தது; மூக்குப் பக்கம் "அடைக்கல மாதா" என்று எழுதியிருந்ததில் எனக்கு நினைவு தெரிந்தபோது "மாதா" மட்டும்தான் மிச்சம். ஏதோ ஒரு புயலில் பாய்மரம் முறிந்து அடிப்பலகை விட்டுப்போனதாம், அன்றைக்குக் கவிழ்த்தது, அப்படியே கிடந்தது. அம்மா அதன் முதுகில் மீன் காய வைப்பாள், கோழிகள் அதற்குள் முட்டையிடும், நானும் அதற்குள்தான் இருப்பேன். வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், ஒரு பக்கம் மணலைத் தோண்டி வைத்திருந்த பொந்து வழியாக உள்ளே நுழைந்துவிடுவேன். பலகை இடுக்குகளில் வெயில் கோடு கோடாக விழும். வந்தவர்களின் கால் மட்டும் தெரியும், அவர்கள் கிளம்பிப் போகிறவரைக்கும் கோழியோடு கோழியாக உட்கார்ந்திருப்பேன். அம்மாவின் தம்பி, பெரம்பூர் மாமா, ஒருவருக்குத்தான் அந்த ரகசியம் தெரியும். படகின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "இன்னாமே ஊமக்கோட்டான், வூட்ல கீறியா?" என்பார்.

நைனா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கப் போய்க்கொண்டிருந்தார். காலையில் கிளம்பும்போது "வேலைக்குப் போய்ட்டு வரேன்" என்பார். எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போவதை யாரும் வேலை என்று சொல்ல மாட்டார்கள், அது "தொழில்". தொழிலுக்குப் போயிருக்கிறார் என்றால் கடலில் இருக்கிறார் என்று அர்த்தம். தன்னைப் பற்றிச் சொல்லும்போது நைனா அந்தச் சொல்லை எடுத்ததே இல்லை. அடுத்தவர்களின் கட்டுமரம் கரையேறினால் ஓடிப்போய்த் தோள் கொடுப்பார், அவர்கள் கொடுக்கிற மீனை வாங்கிக்கொண்டு வருவார், அன்றைக்குச் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். படகைச் சரி பண்ண வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பேச்சு எழும்பும், ஒவ்வொரு வருஷமும் யாருக்காவது காய்ச்சலோ கல்யாணமோ வந்து நிற்கும்.

அப்படி இருக்கும்போதுதான் கல் வந்தது. கடல் கரையை அரித்துக்கொண்டே வந்து முன்வரிசை வீடுகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்ததால், அதைத் தடுக்க லாரியில் கருங்கல் கொண்டுவந்து கரை நெடுகச் சுவர் மாதிரி கொட்டினார்கள். சின்னக் கல் ஒரு ஆடு படுத்திருக்கிற அளவு, பெரிய கல் ஒரு எருமை. வீடு பிழைத்தது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். தெற்கிலிருந்து கொட்டிக்கொண்டு வந்த கல்லும் வடக்கிலிருந்து கொட்டிக்கொண்டு வந்த கல்லும் எங்கள் வீட்டுக்கு எதிரே வந்து, நடுவில் ஒரு படகு போய்வருகிற அளவுக்கு வழி விட்டு நின்றன. குப்பம் முழுக்க அந்த வழியாகத்தான் கடலுக்குப் போய் வந்தது. அதையும் அடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது கட்டுமரக்காரர்கள் அவ்வளவாகக் கலங்கவில்லை. கட்டுமரம் என்பது மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியதுதானே, அவிழ்த்து ஒவ்வொரு மரமாகத் தோளில் வைத்துக் கல்லைத் தாண்டிக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ஆணி அடித்த படகை அவிழ்க்க முடியாது. பின்பக்கமாக ரோட்டுக்குக் கொண்டு போகலாமென்றால், வீடுகளுக்கு நடுவே இருந்த சந்தில் எதிரே ஒரு ஆள் வந்தாலே சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். அதனால் எங்கள் படகுக்கு வழி கடல் பக்கம் மட்டும்தான். வழி அடைபடுவதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டால் காசிமேட்டில் கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளலாம், நைனா திரும்பத் தொழிலுக்குப் போகலாம். இல்லாவிட்டால் படகு என்றைக்கும் கோழிக்கூடு, நைனா என்றைக்கும் மூட்டை.

தவக்காலம் முடிகிற வாரம் அது. பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் ஞாயிறு வரைக்கும் நைனா எப்படியோ லீவு வாங்கிவிட்டார். பண்டிகைக்கு வருகிற சொந்தக்காரர்கள் வந்தார்கள். பெரம்பூர் மாமா ரயில் பெட்டிக் கொட்டகையில் தச்சு வேலை செய்கிறவர், தோள்பையில் துணிக்குப் பதில் உளியும் சுத்தியலும் செப்பு ஆணியும் கொண்டுவந்தார். நைனாவின் அக்கா, எரணாவூர் அத்தை, ஒரு பை நிறையத் தேங்காய் நாரும் ஒரு ஜெபமாலையும் கொண்டுவந்தார். அத்தையின் புருஷன் பல வருஷத்துக்கு முன் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அத்தை அதைப் பற்றிப் பேச மாட்டார். அந்த நாளில் எதைச் செய்யக்கூடாது என்பதைப் பற்றி மட்டும் பேசுவார்.

வியாழக்கிழமை காலையில் குப்பத்து ஆண்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து படகைப் புரட்டி ஒருக்களித்து நிறுத்தினார்கள். கோழிகள் கத்திக்கொண்டு நாலு பக்கமும் ஓடின. என் பொந்து, நான் உட்காருகிற சாக்கு, சேர்த்து வைத்திருந்த கிளிஞ்சல், எல்லாம் வெட்டவெளியில் கிடந்தன. எல்லோரும் பார்த்து, "அடடே, இங்க ஒரு குடித்தனமே நடந்துகினு இருந்துகீது" என்று சிரித்தபோது நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். மாமா அடிப்பலகையை விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போனது.

"மாமா, இது பலகை இல்ல, கேக்கு," என்றார் நைனாவிடம். "கிறிஸ்மஸ்ஸுக்கே சொல்லியிருந்தா துன்னுட்டுப் போயிருக்கலாம்."

நைனா சிரிக்கவில்லை. "எத்தினி மாத்தணும் மச்சான்?"

"ரெண்டு பலகை மாத்திட்டா தண்ணியில நிக்கும். பாயி, மரம் அதெல்லாம் அப்பால."

அன்று பகல் முழுக்கச் சுத்தியல் சத்தம். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்டார்கள், நைனா ஒவ்வொருவருக்கும் தலை நிமிராமல் பதில் சொன்னார். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி சாமியார் தீர்த்தம் தெளிப்பாரு. அப்படியே தொழிலுக்கு எறக்கறோம்." அந்தச் சொல்லை அவர் வாயில் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். சொல்லிவிட்டு ஆணியைக் கொஞ்சம் பலமாகவே அடித்தார்.

ஒரு பலகை ஏறிவிட்டது. இரண்டாவது பலகையை அளவு வெட்டிப் பொருத்தி, ஆணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்கிறபோது சாயங்காலப் பூசைக்கு நேரமாகிவிட்டது. பெரிய வியாழன் பூசையில் ஒரு இடத்தில் கோயில் மணியையெல்லாம் சேர்த்து அடித்து நிறுத்துவார்கள். அதற்கப்புறம் ஆண்டவர் உயிர்க்கிற வரைக்கும் மணியடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். மணி நின்றதும் அத்தை என் பக்கம் குனிந்து, "இனிமே ஆணி கூடாது" என்றார், என்னவோ நான்தான் சுத்தியல் பிடிக்கிறவள் மாதிரி.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா சுத்தியலை எடுக்கும்போது அத்தை அந்த இரண்டாவது பலகையின் மேல் உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை கையில் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுந்துருக்கா, நேரமாவுது."

"இன்னிக்கி இன்னா நாளுன்னு தெரியுமாடா உனக்கு? இன்னிக்கி யாருக்கு ஆணி அடிச்சாங்க? அதே நாள்ல நீயும் அடிப்பியா?"

மாமா ஒரு சாக்குத் துண்டை எடுத்துச் சுத்தியல் தலையில் சுற்றிக் கட்டிக் காட்டினார். "தோ, சத்தமே வராது."

"உனுக்கு எனுக்குக் கேக்காது. ஆண்டவருக்குக் கேக்காதா?"

"அவரு கல்லறைக்குள்ள கீறாருக்கா. ஞாயித்துக்கெழமதான் எழுந்திருப்பாரு."

"இன்னும் சிலுவையிலதான்டா கீறாரு, கஸ்மாலம். மணி பத்துகூட ஆவல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நைனாவின் உதடுகூடக் கொஞ்சம் அசைந்தது. ஆனால் அத்தை எழுந்திருக்கவில்லை. அவர் கை ஜெபமாலையை இறுக்கிப் பிடித்திருந்த விதத்தை நைனா பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு சாமியாரைக் கேட்கப் போனார். திரும்பி வந்தபோது, "ஆணி அடிக்கக் கூடாதுன்னு வேதத்துல எங்கியும் இல்லியாம்," என்றார். மாமா சுத்தியலைத் தூக்கினார். "ஆனா அக்கா மனசு நோவ அடிச்ச ஆணி நிக்காதுன்னும் சொன்னாரு. நாளைக்கு அடிச்சிக்கலாம் மச்சான்." மாமா சுத்தியலை மணலில் போட்டுவிட்டு, சாக்குத் துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எழுந்தது அம்மாவின் கேள்விதான். பாயைத் தைக்கலாமா, ஊசியும் குத்துகிற சாமான்தானே? புளியங்கொட்டைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காடாத் துணி கிடந்தது, தைக்க ஒரு பகல் வேண்டும். அத்தை ரொம்ப நேரம் யோசித்தார். "தைக்கலாம்," என்றார் கடைசியில். "அவருக்கும் துணியிலதான் சுத்தினாங்க." சொன்னவர் தானே துணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஊசி கோத்துக் கொடுத்தேன். கடலுக்குப் போகிறவனுக்குப் பாய் தைக்கக் கூடாது என்று இத்தனை வருஷமும் இருந்தேன் என்று, என்னிடம் சொல்வது மாதிரி இல்லாமல் ஊசியிடம் சொல்வது மாதிரி சொன்னார். மூன்று மணிச் சிலுவைப் பாதைக்குக் கிளம்புகிறவரை நிமிரவே இல்லை. அத்தனை நெருக்கமான தையலை அதற்கப்புறம் நான் எந்தத் துணியிலும் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கல் லாரி வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. திறந்திருந்த வழியின் இரண்டு பக்கமும் கல் குவியல் காத்துக்கிடந்தது, ஆனால் பண்டிகை முடிந்து திங்கட்கிழமைதான் வந்து அடைப்பார்கள் என்று குப்பத்தில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அப்படி யார் சொன்னார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், யாரும் சொல்லவில்லை. கல் கொட்டுகிற மேஸ்திரியிடம் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஈஸ்டர் அன்றைக்கு உலகத்தில் யார் வேலைக்குப் போவார்கள்?

சனிக்கிழமை விடிந்ததும் அத்தை பலகையை விட்டுக்கொடுத்துவிட்டார். ஆணி அடித்தார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நாரை வைத்து உளியால் இடித்துத் திணித்தார்கள், "கலப்பத்து" என்பார்கள் அதை. அதன்மேல்தான் காய்ச்சின குங்கிலியம். அடுப்புக்குக் கொட்டாங்குச்சி போடுவது என் வேலை. கொதிக்கிற சட்டியிலிருந்து நைனா துணிச் சுருளால் தொட்டுத் தொட்டு இழுக்க, கறுப்பாக, பளபளவென்று கோடு கோடாக இறங்கியது. உள்ளே இருந்து நான் பார்த்த வெளிச்சக் கோடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டன. படகை நேரே நிறுத்தி, மாமா தான் செதுக்கிய புதுப் பாய்மரத்தை நட்டார். அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று பார்த்து, "ஷோக்காத்தான் கீது," என்றாள். படகைச் சொன்னாளா நைனாவைச் சொன்னாளா தெரியாது, நைனா வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

பொழுது சாய்கிற நேரம். கடல் குளம் மாதிரி கிடந்தது.

"மாமா, இப்பவே தள்ளிடலாமா?" என்றார் பெரம்பூர் மாமா. கேலி இல்லாமல் கேட்டார். "ஆளுங்க கீறாங்க. காத்தும் கீது."

நைனா குங்கிலியத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டியது. "ஒரு ராத்திரி இறுகட்டும் மச்சான். காலையில பூச முடிஞ்சி ஊரே வரும். தீர்த்தம் தெளிச்சி எறக்கினாதான் எனுக்கு மனசு நெறையும்." இத்தனை வருஷம் அடுத்தவர் கட்டுமரத்துக்குத் தோள் கொடுத்தவர், தன் படகு இறங்குவதை ஊர் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு இருக்கிறது? அத்தைகூட, "எறக்கறதுன்னா எறக்கேன்டா," என்றுதான் சொன்னார். நைனா தலையாட்டிவிட்டார்.

ஈஸ்டர் காலைப் பூசைக்குக் குப்பமே போயிருந்தது. படகின் மூக்கில் அம்மா கட்டிய கனகாம்பரச் சரம். நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் முன்வரிசையில் முழங்காலில் இருந்தார். சாமியார் பிரசங்கத்தில் படகைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னபோது எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில், கடல் பக்கக் கதவுக்குக் கிட்டே. பெரம்பூர் மாமா வழக்கம் போல வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்றார், அவருடைய பூசை எப்போதும் வாசலோடு சரி.

சாமியார் அப்பத்தைத் தலைக்கு மேல் தூக்குவதற்கு முன்னால் கோயிலில் ஒரு அமைதி இறங்கும். கைக்குழந்தைகூட அழாது. அந்த அமைதியில்தான் கேட்டது. முதலில் லாரியின் பின்பலகை திறந்து அடிக்கிற சத்தம். பிறகு கடகடவென்று உருளுகிற சத்தம். அப்புறம் "தொம்" என்று மண்ணுக்குள் இறங்குகிற சத்தம், முழங்கால் வழியாக உடம்புக்குள் ஏறியது.

அந்தச் சத்தத்தை எங்கள் குப்பத்தில் தெரியாதவர் கிடையாது. நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். அம்மாவுக்குக் கேட்டிருந்தது. அத்தைக்குக் கேட்டிருந்தது. கோயில் முழுக்க எல்லோருக்கும் கேட்டிருந்தது. முதுகுகளில் ஒரு அசைவு காற்று மாதிரி ஓடி நின்றது. நைனா ஒரு முழங்காலை எடுத்தார். எடுத்து, தலையைத் திருப்பி, இந்தப் பக்கம் அம்மாவைப் பார்த்தார். சரியாக அப்போது மணி அடித்தது. சாமியாரின் இரண்டு கையும் மேலே போயிற்று. நைனா எடுத்த முழங்காலைத் திரும்பத் தரையில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் எழுந்து ஓடியிருந்தால் தடுத்திருக்கலாம் என்று பிற்பாடு பேசினவர்கள் உண்டு. எப்படி எழுந்திருப்பார்? ஆண்டவர் அப்பமாகத் தலைக்கு மேல் இருக்கும்போது யார் அவருக்கு முதுகைக் காட்டுவது? பேசினவர்களும் அங்கேதான் முழங்காலில் இருந்தார்கள். பூசை அதன் பாட்டுக்குப் போனது. ஈஸ்டர் பூசை, பாட்டு நிறைய. பாட்டுக்கு நடுவில் இன்னொரு தடவை, நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது இன்னொரு தடவை, அந்தச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் நைனாவின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. அத்தையின் விரல் என் மணிக்கட்டில் அழுந்திய தடம் மதியம் வரைக்கும் இருந்தது.

பூசை முடிந்ததும் யாரும் வாசல் வழியாகப் போகவில்லை, கடல் பக்கக் கதவு வழியாக ஓடினோம். அங்கே வழி இல்லை. நேற்று வரைக்கும் அலை தெரிந்த இடத்தில் கருங்கல் குவிந்திருந்தது, புதுக் கல்லின் தூசி இன்னும் அடங்கவில்லை. மாமா லாரி டிரைவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் விட்டுவிட்டார். அவர் குரலே போயிருந்தது.

"மொதல் லோடு கொட்டின சத்தத்துலயே ஓடியாந்தேன் மாமா. முன்னாடி படுத்தேன். இஸ்து ஓரமா போட்டுட்டானுங்க."

டிரைவர் வெளியூர்க்காரர், சின்ன வயசு. வெள்ளையும் சள்ளையுமாக இத்தனை பேர் ஓடி வந்ததில் மிரண்டு போயிருந்தார். "எனக்கு என்னங்க தெரியும்? மேஸ்திரி கொட்டச் சொன்னாரு, கொட்டுனேன். வெள்ளிக்கிழமை லீவு விட்டாங்க, நேத்து குவாரியில கல் கிடைக்கல, அதான் இன்னிக்கு." படகையும் பூவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்கு என்னங்க பண்டிகை?"



படகைத் தூக்கிக் கல்லைத் தாண்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். சட்டையைக் கழற்றிக் கடாசிவிட்டு ஆண்பிள்ளைகள் எல்லோரும் படகுக்கு அடியில் தோள் கொடுத்தார்கள். பெண்களில் முதலில் போய்த் தோள் கொடுத்தது அத்தை. மாமாவுக்குப் பக்கத்தில், பண்டிகைச் சேலையோடு. "ஏலேலோ" போட்டுத் தூக்கியதில் படகின் மூக்கு கல் மேல் ஏறிவிட்டது, பாதி ஏறிவிட்டது, அப்படியே போய்விடும் என்று நான் நினைத்தேன். புதிதாகக் கொட்டிய கல் நிலைகொள்ளாது. கால் வைத்த கல் உருண்டு, பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரின் கணுக்கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கல்லை நெம்பி அவர் காலை எடுத்த பிறகு, திரும்பத் தூக்க நாலு பேர் குனிந்தபோது நைனா கையை உயர்த்தினார்.

"போதும். எறக்குங்க."

"இன்னொரு தபா பார்க்கலாம் மாமா."

"அவன் கால் போயிருக்கும் மச்சான். எறக்குங்க."

இறக்கினார்கள். தீர்த்தச் செம்பை வைத்துக்கொண்டு இத்தனை நேரமும் நின்ற சாமியார் என்ன செய்வதென்று தெரியாமல் படகுக்குத் தெளித்தார், கால் நசுங்கிய அண்ணனுக்குத் தெளித்தார், எங்கள் எல்லோர் மேலும் தெளித்தார், லாரிப் படியில் உட்கார்ந்திருந்த அந்த டிரைவர் மேலும் தெளித்தார்.

பண்டிகைச் சோறு படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமா அத்தையைப் பார்த்து ஒரு கேலியும் சொல்லவில்லை. அத்தை அவர் இலையில் கறியை அள்ளி அள்ளி வைத்தார், அவர் வேண்டாமென்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பியது. நைனா எழுந்துபோய் ஒருத்தருக்கும் சொல்லாமல் பாயை அவிழ்த்துக் கயிற்றை இழுத்தார். அத்தை தைத்த பாய் புளிச்சாயச் சிவப்பில் மேலே போய், ஒரு தடவை படபடத்து, வயிறு புடைத்து நின்றது. மணலில் நின்ற படகு முனகியது, பலகையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து புறப்படுவது போல ஆடியது. கல்லுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, கடல் தெரியவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நைனா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கயிற்றை விட்டுவிட்டார், பாய் தொளதொளவென்று சரிந்தது.

திங்கட்கிழமை காலையில் கிளம்பும்போது, "வேலைக்குப் போய்ட்டு வரேன்," என்றார். அம்மா சோற்றுத் தூக்கைக் கொடுத்தாள்.

மழைக்கு முன்னால் படகைத் திரும்பவும் கவிழ்த்தார்கள். கோழிகள் திரும்பி வந்தன. ஒரு நாள் யாரோ வந்தார்கள் என்று பொந்து வழியாக நுழைந்தேன். குங்கிலியம் அடைத்ததால் உள்ளே ஒரு கோடு வெளிச்சம்கூட இல்லை, கண் பழக நேரமானது. பழகியதும் பார்த்தால், நான் உட்காருகிற சாக்கின் மேல் நைனா கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் வந்த வழியே பின்னால் நகர்ந்து வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் அங்கே ஒளிந்ததில்லை. விருந்தாளிகள் வந்தால் வந்தார்கள் என்று வாசலிலேயே நின்றேன்.

பாயை அம்மா கூடத்தில் தடுப்புத் திரையாகக் கட்டினாள். படகை, பிற்பாடு ஒரு மழைக்காலத்தில் விறகு கிடைக்காதபோது, நைனாவே உடைத்துக் கொடுத்தார். குங்கிலியம் ஊறிய பலகை, ஈரத்திலும் சட்டென்று பற்றிக்கொண்டது. சோறெல்லாம் அந்த வாசனையாக இருந்தது.

இப்போது நான் டோல்கேட் பக்கம் மகள் வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறேன். எங்கள் வீடும் மணலும் இருந்த இடத்தில் ரோடு போகிறது, கல் மட்டும் அப்படியே இருக்கிறது, மேலே மேலே புதுக் கல் கொட்டியிருக்கிறார்கள். நைனா இல்லை, அம்மா, அத்தை, மாமா யாரும் இல்லை. ஈஸ்டருக்கு மகள் என்னை ஆட்டோவில் பழைய கோயிலுக்குக் கூட்டிப்போகிறாள். கடல் பக்கக் கதவை எப்போதோ அடைத்துச் சுவர் வைத்துவிட்டார்கள். ரோட்டில் ஞாயிற்றுக்கிழமையும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக, பகல் ராத்திரி என்றில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. சாமியார் அப்பத்தைத் தூக்கும்போதும் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடுகிறது, ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அமைதி போய்விட்டது. மணி அடித்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். முட்டி மடங்காததால் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் காதைத் தீட்டிக்கொண்டு, முன்வரிசையில் யாராவது ஒரு முழங்காலை எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.